ஜனவரி டப்பா

டியர்பார்ன், மிச்சிகன்
அக்டோபர் 26

காயித் முக்பில்
இரண்டாம் எஞ்சினியர், ‘எலியா ஹார்மன்’ கப்பல்
மாலுமி அஞ்சல் நிலையம், டெட்ராய்ட்

யாபா,

இந்த உறையில் அலுவலகக் கடிதங்களைப் போல விலாச ஜன்னல் இல்லை. விலாசம் என் கையால் எழுதியது. ஆகவே ஜனவரி வரை காத்திருக்காமல் பிரிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பேச்சைத் திரும்பத் தொடங்குவதற்காக எழுதவில்லை. ஒரு காகிதம் வேண்டும். அதற்காக.

செப்டம்பர் பத்தாம் தேதி என் இடது காலை உடைத்துக்கொண்டேன். உடைத்தது டாக்டர் ஹால்வர்சன். உடைக்கச் சொன்னது நான். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன அதே அறுவை. ஏப்ரலில் உங்களுக்கு எழுதினேன். பதில் வரவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

காலைச் சுற்றி இப்போது ஒரு கூடு. மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம், நடுவில் ஆறு கம்பிகள். ஒரு நாளைக்கு மூன்று முறை கம்பிகளைத் திருகுகிறேன். வெட்டிய எலும்பு முக்கால் மில்லிமீட்டர் விலகுகிறது. விலகிய இடத்தில் புது எலும்பு வர வேண்டும். முப்பத்தெட்டு மில்லிமீட்டர் தேவை. நடுவில் பாதம் மரத்துப்போய் ஆறு நாள் நிறுத்திவைத்தார்கள். இன்றைக்கு இருபத்துநாலு.

நேற்று எக்ஸ்ரே எடுக்கப் போனேன். அங்கே காப்பீட்டு மேசையில் டெனிஸ் என்று ஒரு பெண்மணி.

“உங்கப்பா இன்சூரன்ஸ்தானே கண்ணு?”

“ஆமா.”

“அவங்க பட்டியல்ல இருந்து நாங்க வெளிய வர்றோம். இந்த மாசம் முப்பத்தொண்ணோட. கடுதாசி வந்திருக்கணுமே?”

“எனக்கு ஒண்ணும் வரல.”

“யார் பேர்ல இன்சூரன்ஸோ அவங்களுக்குத்தான் போகும்.”

“அவர் கப்பல்ல இருக்கார். ஏரியில. இரும்புத் தாது ஏத்துற கப்பல். அவருக்குக் கடுதாசி வாளியில போகும்.”

“வாளியில,” என்றாள். பிறகு அதைக் குறித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். சிகிச்சையின் நடுவில் மருத்துவமனை பட்டியலை விட்டு விலகினால், நோயாளி விண்ணப்பித்து அதே டாக்டரிடம் தொண்ணூறு நாள் வரை பழையபடியே தொடரலாம். விண்ணப்பப் படிவம் உங்களுக்கு வந்த கடிதத்தோடு இருக்கிறது. அதில் உங்கள் கையெழுத்து வேண்டும். மையில். நகல் செல்லாது.

டெனிஸ் வேறு மூன்று மருத்துவமனைகளைக் கூப்பிட்டுப் பார்த்தாள். மூன்றிலும் ஒரே பதில். வேறொருவர் மாட்டிய கூட்டை நாங்கள் தொடமாட்டோம்.

அந்தக் கடிதம் உங்கள் டப்பாவில் இருக்கும். ஜன்னல் வைத்த உறைகள் எல்லாம் போகிற இடம். ஏரி உறைந்து கப்பலைக் கட்டிய பிறகு ஒரே நாளில் உட்கார்ந்து பிரிப்பீர்களே, அது. அம்மா அதை ஜனவரி டப்பா என்பாள்.

தேடி, கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

போன் செய்ய வேண்டாம். போனில் நாம் இருவரும் கத்துவோம். தாளில் கத்துவதற்கு நேரமாகும்.

அர்வா


‘எலியா ஹார்மன்’
அக்டோபர் 30. டொலிடோ துறை, தாது இறக்கம். காற்று தென்மேற்கு 12. வானம் தெளிவு.

மகளே,

உன் கடிதம் நேற்று ஆற்றில் தபால் படகுக்கு இறக்கிய வாளி மேலே வந்தபோது கிடைத்தது. படித்துக்கொண்டே எஞ்சின் அறைக்கு இறங்கினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன். கீழே இருந்தவன் எண்ணெய் அழுத்தம் என்னவென்று இரண்டு தரம் கத்தியிருக்கிறான்.

ஏப்ரலில் எனக்கு உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. வந்திருந்தால் வேண்டாம் என்று எழுதியிருப்பேன். எழுதாமல் இருந்திருக்கமாட்டேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐம்பது நாளாக உன் கால் உடைந்திருக்கிறது. நான் மூன்று ஏரிகளில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தேன்.

டப்பாவைத் திறந்தேன். அக்டோபரில் திறப்பது இதுதான் முதல் தடவை. சமையல்காரன் டுவெய்ன் எட்டிப் பார்த்தான்.

“என்ன காயித், ஜனவரி வந்துருச்சா? என்கிட்ட யாரும் சொல்லலையே.”

“வந்துருச்சு. போய் உன் கோழியப் பாரு, தீயுது.”

உறை மேலாகவே இருந்தது. பிரித்தேன். படிவம் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை.

பார்க்காத இயந்திரத்துக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஆறு கம்பி என்கிறாய். மரை எவ்வளவு நெருக்கம்? நீ நிற்கும்போது பளுவை எது தாங்குகிறது, எலும்பா, கூடா? ஒரு கம்பி மட்டும் தப்பாகத் திருகிவிட்டால் என்ன ஆகும்? எழுது.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் கேட்டதையே மறுபடியும் கேட்கிறேன். ஆறிய எலும்பை யாராவது உடைப்பார்களா? நடந்துகொண்டுதானே இருந்தாய்.

வலி இருக்கிறதா?

உன் தகப்பன்


டியர்பார்ன்
நவம்பர் 2

யாபா,

உங்கள் கப்பல் மேல் ஏரிக்குத் திரும்பிப் போய்விட்டது. இந்தக் கடிதம் அஞ்சல் நிலையத்தில் நான்கு நாள் உங்களுக்காகக் காத்திருக்கும். அந்த நான்கு நாளும் உங்களுடைய கணக்கில்.

கையெழுத்து கேட்டேன். கேள்வித்தாள் வந்தது.

சரி. மரை நெருக்கம் தெரியாது. கம்பிகளின் படத்தையும், எந்தத் தேதியில் எந்தக் கம்பி எந்த எண்ணில் நிற்க வேண்டும் என்ற அட்டவணையையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களுக்குப் புரியும். எனக்குப் புரிவதைவிட நன்றாகவே. பளுவை இப்போதைக்குக் கூடு தாங்குகிறது. எலும்பு கெட்டியாகக் கெட்டியாகக் கொஞ்சம் கொஞ்சமாக அது வாங்கிக்கொள்ளும். ஒரு கம்பியைத் தப்பாகத் திருகினால் மறுநாள் பாதம் சொல்லும்.

வலி இருக்கிறது. திருகும்போது இல்லை. திருகி ஒரு மணி நேரம் கழித்து.

நடந்துகொண்டுதானே இருந்தாய்.

ஆம். இடது செருப்பின் அடியில் இரண்டு விரல் தடிமனுக்கு ரப்பர் ஒட்டி. நூலகத்தில் புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது என்னைப் பார்க்காமலே எல்லோருக்கும் தெரியும், அர்வா வருகிறாள் என்று. ஒரு அடி சத்தம், ஒரு அடி மெத்து. அதோடு வாழலாம். ஆனால் இருபத்துநாலு வயதில் இடுப்பு மூட்டு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. எக்ஸ்ரேயில் பார்த்தேன். உங்களிடம் சொன்னேன். அப்போதுதான் கத்தினீர்கள்.

முர்ஷித் மாமாவை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. உங்களையும். பதின்மூன்று வயதில் நம் சொந்த நாட்டில் வயல் வரப்புச் சுவரிலிருந்து விழுந்தேன், ஊரில் எலும்பு கட்டுகிறவர் உங்கள் மாமா, அவர் கட்டினார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நான் சொல்லாத குற்றத்தை நீங்களே உங்கள்மேல் சொல்லிக்கொள்கிறீர்கள். பிறகு அதற்காக என்னிடம் கோபிக்கிறீர்கள்.

இன்னொரு விஷயம். இது மோசமானது.

டெனிஸ் உங்கள் மாலுமி சங்கத்துக் காப்பீட்டு அலுவலகத்தைக் கூப்பிட்டாள். கடிதம் செப்டம்பர் இருபதாம் தேதியே அனுப்பிவிட்டார்களாம். விண்ணப்பிக்க முப்பது நாள்தான் கெடுவாம். அது அக்டோபர் இருபதோடு முடிந்துவிட்டதாம். முடியவில்லை என்று வைத்துக்கொண்டாலும், தொண்ணூறு நாள் டிசம்பர் பத்தொன்பதில் தீர்ந்துவிடும். கூடு கழற்ற ஜனவரி மூன்றாவது வாரம் ஆகும். நடுவில் ஒரு மாதம் நான் யாருடைய நோயாளியும் இல்லை.

எட்டாம் தேதி எக்ஸ்ரே இருந்தது. ரத்து செய்துவிட்டார்கள். காப்பீடு இல்லாமல் ஒரு எக்ஸ்ரேக்கும் ஒரு வருகைக்கும் என்ன ஆகும் என்று டெனிஸ் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டினாள். பிறகு அதை அவளே கிழித்துப் போட்டாள்.

“உறை வேணும் கண்ணு,” என்றாள். “கடுதாசி மட்டும் இல்ல, உறையும் வேணும். எந்த விலாசத்துக்குப் போச்சு, எப்ப வந்துச்சு, மேல என்ன ஒட்டியிருக்கு, எல்லாம். எதையும் தூக்கிப் போட்டுடாதீங்கன்னு அப்பாகிட்ட சொல்லு.”

“எங்கப்பா எதையும் தூக்கிப் போட்டதே இல்ல.”

“நல்ல மனுஷன்.”

“திறந்து பார்த்ததும் இல்ல.”

கையெழுத்து இயந்திரத்துக்கு இல்லை, யாபா. எனக்கு.

அர்வா


‘எலியா ஹார்மன்’
நவம்பர் 6. கீழ்நோக்கி. தென்மேற்கு 20, ஏறுகிறது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மையில். எஞ்சின் மேசையில் வைத்து, கையைத் துடைத்துவிட்டு. ஒரு ஓரத்தில் மட்டும் கிரீஸ் பட்டிருக்கிறது. மன்னிக்கச் சொல்.

உறையும் இருக்கிறது. பார். விலாசம் பழைய வீடு. நான் மார்ச்சில் விற்ற வீடு. அங்கே போய், அஞ்சல் அலுவலகம் மஞ்சள் சீட்டு ஒட்டித் திருப்பி, அதன் பிறகு வாளிக்கு வந்திருக்கிறது. மூலையில் பென்சிலில் என் எழுத்து: ‘அக். 24. கீழ்நோக்கி. வ.மே. 15.’ வாளியில் வருகிற எதிலும் தேதியும் காற்றும் குறிப்பேன். பிரிக்கமாட்டேன், குறிப்பேன். உன் அம்மா இதற்கு என்ன சொல்வாள் என்று உனக்குத் தெரியும்.

வீட்டை விற்ற மறுநாள் சங்க அலுவலகத்தில் விலாசம் மாற்றிக் கொடுத்தேன். அவர்கள் முத்திரை குத்திய சீட்டு ஒன்று தந்தார்கள். அதுவும் டப்பாவில்தான் இருக்க வேண்டும். தேடுகிறேன்.

நவம்பர் 8. ஏரி ஈரி, நங்கூரம். மேற்கு 40.

தாதுவைக் கொட்டி முடித்துத் திரும்பினோம். ஆற்று வாய்க்கு முன்னால் நிற்கிறோம். காற்று ஏரித் தண்ணீரையெல்லாம் கிழக்கே தள்ளிவிட்டது. ஆற்றில் ஆழம் இல்லை. தண்ணீர் திரும்பி வரும்வரை நகர முடியாது. டெட்ராய்ட் ஆற்றின் கலங்கரை விளக்கம் தெரிகிறது. கடிதம் சட்டைப்பையில் இருக்கிறது.

உன் அட்டவணையைப் படித்தேன். மூன்று தரம். நல்ல வேலை. இதைப் போட்டவன் மரை தெரிந்தவன்.

இரண்டு இரும்பு வளையம், ஒரு மரைக்கம்பி எடுத்து மேசைப் பிடியில் பொருத்தியிருக்கிறேன். ஆறாம் தேதிக்கு நீ முப்பத்திரண்டேகாலில் இருந்தாய். அங்கிருந்து தொடங்கினேன். காலை, மதியம், மாலை, நீ திருகும் நேரத்தில் கால் மில்லிமீட்டர். ஒரு நாள் முழுக்கத் திருகியும் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. அளவுகோல் வைத்தால்தான் தெரிகிறது.

டுவெய்ன் வந்து பார்த்தான்.

“இது என்ன பம்பு?”

“பம்பு இல்ல. எம் பொண்ணு கால்.”

“மத்தியானத்துக்கு நான் திருகட்டுமா?” என்றான். விட்டேன். தப்பான பக்கம் திருகினான். திட்டினேன். சரிசெய்தோம்.

நவம்பர் 10. அதே இடம். மேற்கு 25, இறங்குகிறது.

விலாச மாற்றச் சீட்டைத் தேடி டப்பாவை முழுக்கக் கட்டிலில் கொட்டினேன். சீட்டு அடியில் இருந்தது. முத்திரை தெளிவாக இருக்கிறது. அதற்கு மேலே ஒரு ஜன்னல் உறை. உன் மருத்துவமனையின் பெயர் அச்சடித்தது. பென்சிலில் என் எழுத்து: ‘ஏப். 17. மேல்நோக்கி. காற்று இல்லை.’

பிரித்தேன். உள்ளே உன் கையெழுத்து.

‘நீங்கள் சம்மதிக்க வேண்டாம். அன்றைக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும்.’

ஏழு மாதமாக என் தலைமாட்டில் இருந்திருக்கிறது.

அர்வா, நீ அவ்வளவுதான் தெரியும் என்று எழுதினாய். மீதியை எழுதுகிறேன். நீ விழுந்த அன்று ஜீப் இருந்தது. இப் நகரத்து ஆஸ்பத்திரி நாலு மணி நேரம். ஓட்டுநர் ஏறச் சொன்னான். நான்தான் மாமாவிடம் போகலாம் என்றேன். சின்ன வயதில் அவர் என் கையைக் கட்டினார், நேராக ஆறியது. நாற்பதாம் நாள் சிம்புகளைப் பிரித்தார். உன் கால் வளைந்திருந்தது. நான் பார்த்தேன். முதலில் பார்த்தது நான். ‘அல்ஹம்துலில்லாஹ், ஆறிடுச்சு’ என்றேன். பிறகு எல்லோரும் அதையே சொன்னார்கள். ஆறிய எலும்பு, ஆறிய எலும்பு என்று உன்னிடம் கத்தியபோதெல்லாம் அந்த ஒரு வார்த்தையைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 11. தண்ணீர் வந்துவிட்டது. நங்கூரம் ஏறுகிறது. எல்லாம் இந்தப் பெரிய உறையில். வாளிக்கு நானே கொண்டு போகிறேன்.


டியர்பார்ன்
நவம்பர் 14

யாபா,

நேற்று வந்தது. கிரீஸ் கைரேகையோடு.

ஊன்றுகோலில் பேருந்து ஏறி டெனிஸிடம் கொண்டு போனேன். அவள் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாகப் பரப்பினாள். படிவம். உறை. மஞ்சள் சீட்டு. முத்திரைச் சீட்டு. பிறகு பென்சில் எழுத்தின்மேல் விரல் வைத்தாள்.

“காத்து கூட எழுதியிருக்காரே.”

“எஞ்சினியர்.”

“நீ இவரோட ரெண்டு வருஷமா பேசலயா?”

“இல்ல.”

“எனக்குக் கல்யாணம் ஆகலன்னா நான் பேசுவேன்.”

அவளுடைய வாதம் இது. மார்ச்சிலேயே புது விலாசம் அலுவலகத்தின் கையில் இருந்திருக்கிறது. அவர்களுடைய முத்திரையே சாட்சி. பழைய வீட்டுக்கு அனுப்பியது அவர்கள் பிழை. அறிவிப்பு உங்கள் கைக்கு வந்த நாள்தான் அறிவிப்பு நாள். அக்டோபர் இருபத்துநாலு. அப்படியானால் முப்பது நாள் கெடு இன்னும் முடியவில்லை. தொண்ணூறு நாளும் அங்கிருந்துதான் ஓடும். விரல்விட்டு எண்ணினாள். ஜனவரி இருபத்திரண்டு.

டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். எலும்பு ஒழுங்காகக் கூடினால் ஜனவரி இருபத்தொன்றில் கழற்றலாமாம்.

ஒரு நாள் மிச்சம்.

யோசித்துப் பார்த்தேன். நீங்கள் உறையை உடனே பிரிக்கிறவராக இருந்திருந்தால் முதலிலேயே விண்ணப்பித்திருப்போம். ஆனால் பென்சிலில் தேதி போடாதவராக இருந்திருந்தால் இப்போது எதுவும் இல்லை. இதை வைத்து உங்களைப் புகழ்வதா திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் தள்ளிவைத்திருக்கிறேன்.

ஏப்ரல் உறையையும் டெனிஸிடம் காட்டினேன். அவள் முகம் மாறியது. “நான்தான் கண்ணு. நீ மடிச்சுக் குடுத்த, தபால்ல சேர்க்கச் சொன்ன. எங்க உறையில போட்டு மெஷின்ல முத்திரை குத்தினேன்.” மூக்கைச் சிந்தினாள். அந்த மத்தியானமே விண்ணப்பத்தோடு நான்கு பக்கம் எழுதி அனுப்பினாள். பதினைந்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

எக்ஸ்ரே இல்லாமலே கடைசி மில்லிமீட்டர்களைத் திருகினேன். கண்ணை மூடிக்கொண்டு படி இறங்குவது போல. டாக்டர் ஹால்வர்சன் மட்டும் தினமும் சாயங்காலம் போன் செய்வார். “விரல் அசையுதா?” அசையுது. “சரி.” வைத்துவிடுவார். அதை யாரும் எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை.

இன்று காலை முப்பத்தெட்டு.

ஸ்பேனரை மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். வீடு சட்டென்று அமைதியாகிவிட்டது. இனி திருக ஒன்றும் இல்லை. எலும்பு தானாக வர வேண்டும்.

நீங்கள் பத்தாம் தேதி எழுதியதற்கு என்னால் இப்போது பதில் எழுத முடியவில்லை. படித்தேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேதி போட்டு.

அர்வா


‘எலியா ஹார்மன்’
நவம்பர் 20. கீழ்நோக்கி, ஆற்றுக்கு வடக்கே. வடக்கு 18. முதல் பனி.

மகளே,

பதினாலாம் தேதி என் கம்பியும் முப்பத்தெட்டில் நின்றது. நட்டைப் பூட்டிவிட்டேன். யாரும் தொடாமல் இருக்க டுவெய்ன் சிவப்புத் துணி கட்டியிருக்கிறான்.

சங்க அலுவலகத்திலிருந்து பதில் வந்ததா?

எனக்குப் பதிலாள் கேட்டால் கிடைப்பான். கப்பலை விட்டு இறங்கி வரட்டுமா? வந்து என்ன செய்வேன் என்று தெரியவில்லை. சால்தா குழம்பு வைப்பேன். வெந்தயம் நிறையப் போட்டு. எலும்புக்கு நல்லது. இதை டாக்டரிடம் கேட்டுக்கொள். இனிமேல் எலும்பு விஷயத்தில் நான் யாரையும் கேட்காமல் எதுவும் சொல்வதாக இல்லை.

உன் தகப்பன்


டியர்பார்ன்
டிசம்பர் 2

யாபா,

வந்துவிட்டது. ஜன்னல் உறையில்.

எனக்கு வரவில்லை, டெனிஸுக்கு வந்தது. போன் செய்தாள். எடுத்ததும் வாசித்தாள். எண், தேதி, என் பெயர், உங்கள் பெயர். முக்பில் என்பதை மூன்று விதமாக உச்சரித்தாள். கடைசி வரி: ஜனவரி 22 வரை, அதே மருத்துவர், அதே விகிதம். நடுவில் ரத்தான வருகைகளுக்கும் சேர்த்து.

“அழுறியா?”

“இல்ல.”

“நான் அழுறேன். இங்க எட்டு பேர் உட்கார்ந்திருக்காங்க.”

அடுத்த நாளே எக்ஸ்ரே எடுத்தார்கள். இடைவெளியைப் பார்த்தேன். வெட்டிய இரண்டு முனைகள் வெள்ளையாக, கூராக. நடுவில் முப்பத்தெட்டு மில்லிமீட்டர். வெறுமையாக இருக்கும் என்று பயந்திருந்தேன். மேகம் இருந்தது. மெல்லிய, நெடுக்கு வாட்டில் கோடு கோடான மேகம். டாக்டர் பேனா முனையால் காட்டினார். “இது நீதான் செஞ்சது,” என்றார். நானா? நான் திருக மட்டும்தான் செய்தேன். மறுபக்கம் எவரோ வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், சத்தமில்லாமல், என் கால் கொடுத்த கூலியில்.

அந்தக் கூலி சாப்பாட்டில்தான் போகிறது, எப்போதும் பசி. கீழ்க்கடை ரொட்டிக்காரர் தினமும் மலாவா ஒன்று மேலே அனுப்புகிறார். இரண்டு கேட்டேன்.

இறங்கி வர வேண்டாம். பருவத்தை முடியுங்கள். வெந்தயத்தைப் பற்றி டாக்டரைக் கேட்டேன். தடை இல்லை என்றார்.

ஏப்ரலில் கேட்டது ஜனவரிக்கும் பொருந்தும்.

அர்வா


‘எலியா ஹார்மன்’
டிசம்பர் 19. சூ கப்பல் மதகுக்குக் கீழே. வடமேற்கு 22. கைப்பிடியில் பனிக்கட்டி.

மகளே,

கடைசி வரியைப் படித்தேன். அன்றே கேப்டனிடம் போனேன்.

“ஜனவரி பதினெட்டாம் தேதி நான் இறங்குறேன்.”

“கப்பல் எங்க நிக்குதோ யாருக்குத் தெரியும் காயித். பனி பார்த்தியா?”

“எங்க நின்னாலும்.”

“ஏரி நடுவுல நின்னா?”

“நடந்து போறேன். உறைஞ்சிருக்கும்ல.”

முப்பத்தொரு வருடத்தில் அவர் முன்னால் நான் பேசிய முதல் நகைச்சுவை. எழுதிக் கொடுத்துவிட்டார்.

டப்பா காலியாக இருக்கிறது. எல்லாவற்றையும் பிரித்துப் படித்துவிட்டேன். பெரும்பாலும் குப்பைதான். ஆனால் நவம்பரிலிருந்து வாளியில் வருவதை அன்றன்றே பிரிக்கிறேன். டுவெய்னுக்கு இது பிடிக்கவில்லை. ஜனவரியில் நான் சபிப்பதைக் கேட்பதற்காகவே ஒவ்வொரு வருடமும் அவன் காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருவானாம்.

உன் தகப்பன்


டியர்பார்ன்
ஜனவரி 9

யாபா,

கப்பலை எங்கே கட்டுகிறீர்களோ தெரியாது. இதன் பிரதி ஒன்றைச் சங்க அலுவலகத்துக்கும் அனுப்புகிறேன். புது விலாசம் அவர்களிடம் இருக்கிறதாம், கேட்டுவிட்டேன்.

ஜனவரி 21, காலை எட்டு. மூன்றாம் தளம். மின்தூக்கியை விட்டு இறங்கியதும் இடது. டெனிஸின் மேசைக்கு எதிரே ஆறு நாற்காலிகள். ஜன்னலோரம் இருப்பதில் கை ஆடும், உட்காராதீர்கள். அல்லது உட்கார்ந்து சரிசெய்யுங்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கழற்றுவது இன்னும் உறுதியில்லை. மூன்று பக்கம் எலும்பு கூடியிருக்கிறது. நாலாவது பக்கம் ஒரு மெல்லிய கோடு. அன்று காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார். போதாது என்றால் கூடு அப்படியே இருக்கும், மறுநாள் இருபத்திரண்டு கடந்துபோகும். டெனிஸிடம் கேட்டேன், அப்புறம் என்ன என்று. “அப்புறம் இன்னொரு விண்ணப்பம். இன்னும் நாலு பக்கம். என் கை இன்னும் ஆறல, ஆனாலும் எழுதுவேன்.”

பயமாக இருக்கிறது. வலிக்கு இல்லை. காலைத் தரையில் வைக்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் தொடுமா என்று. எனக்கு அந்தச் சத்தம் நினைவில்லை.

நீங்கள் நவம்பர் பத்தில் எழுதியதற்குப் பதில். ஜீப் ஓட்டுநர் ஏறச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, யாபா. நானும் மாமாவிடம் போகலாம் என்றுதான் சொன்னேன். நாலு மணி நேரம் குலுங்க எனக்குப் பயமாக இருந்தது. நீங்கள் அதை மறந்துவிட்டீர்கள். நானும் சொல்லவில்லை. நீங்கள் மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தது எனக்கு வசதியாக இருந்தது.

அர்வா


ஜனவரி 21. மூன்றாம் தளம். காற்று இல்லை.

மகளே,

காகிதம் டெனிஸ் கொடுத்தது. பேனாவும்.

ஏழு மணிக்கே வந்துவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். “வாளியா?” என்றாள். ஆமாம் என்றேன். காபி தந்தாள். மோசமான காபி. குடித்தேன்.

ஏழு ஐம்பதுக்கு உன்னைத் தள்ளுவண்டியில் கொண்டு போனார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் எழுந்து நின்றேன். இரண்டு வருடத்துக்கு என்ன பேசுவது என்று தெரியாததால் உன் கூட்டைத்தான் பார்த்தேன். நீ அதைக் கவனித்தாய். சிரித்தாய்.

ஜன்னலோர நாற்காலியின் கை, ஒரு திருகு தளர்ந்திருந்தது. சரியாகிவிட்டது.

எட்டு நாற்பது. டாக்டர் வெளியே வந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம். எக்ஸ்ரேயைக் கண்ணாடி ஜன்னலில் வைத்துக் காட்டினார். அந்தக் கோட்டைத் தேடினேன். காணவில்லை. நீங்களே பாருங்கள் என்று என் கையில் கொடுத்தார். நான் பார்த்தேன். இந்த முறை நன்றாகப் பார்த்தேன். நேராக இருக்கிறது.

பத்து பதினைந்து. ஒரு தட்டில் இரண்டு வளையமும் ஆறு கம்பியும் கொண்டு வந்து, மகள் மயங்கும் முன்பே கொடுக்கச் சொல்லியிருந்தாள் என்றார்கள். மரை ஒன்றுகூடத் தேயவில்லை. நன்றாகப் பராமரித்திருக்கிறாய்.

நீ உள்ளே இன்னும் மயக்கத்தில் இருக்கிறாயாம். கதவுக்கும் எனக்கும் பதினோரு அடி. டெனிஸ் இதை உள்ளே கொண்டு போவாள். ஜன்னல் உறை கொடுத்தாள், வேண்டாம் என்றேன், மடித்துத்தான் தருகிறேன்.

உன் ஏப்ரல் கடிதம் கிடைத்தது. உட்கார்ந்திருக்கிறேன்.